மாமன் சீராக ஒரு கம்ப்யூட்டர்

விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், மிக்ஸி, டேபிள் ஃபேன் என்று எது எரிந்தாலும் என்னிடம் வரும். கம்ப்யூட்டர் என் தொழில் இல்லை. ஆனால் 2024 ஜூனில் அக்கா மகளுக்காக ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தேன். அதிலிருந்து, தெரிந்தவர்கள் வீட்டில் பிள்ளை பத்தாவது முடித்தால் போதும், "என்னப்பா வாங்கலாம்?" என்று கடைக்கு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் சொல்வதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

பாப்பாவின் மஞ்சள் நீராட்டு விழாவில் மாமன் சீராக ஒரு செயின் போடுவதாக இருந்தேன். அக்காதான் தடுத்தாள். "நகையை வாங்கிப் பீரோவில் பூட்டத்தான் போறேன். அந்தக் காசை வெச்சிரு, அவ படிப்புக்கு ஏதாவது செய்" என்றாள். பத்தாவது முடித்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்ததும் அந்த நாள் வந்தது. நாற்பதாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டேன்.

பாப்பா ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம் படிப்பு: சி++, பைத்தான், புராஜெக்ட், தமிழ் டைப்பிங். மறுபக்கம் கேம்: மைன்கிராஃப்ட், வேலரண்ட். மறுபக்கத்தைக் காட்ட முதலில் தயங்கினாள். நான் அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். ஏனென்றால் படிப்புக்கு மட்டும் என்றால் பாகத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. பதினொன்றாம் வகுப்பில் வரும் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் வரும் பைத்தான் எல்லாம் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். கேம்தான் என்ன பிராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை), எவ்வளவு ரேம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் மெமரி) என்று கேட்கும். அதைச் சரியாகச் செய்துவிட்டால் படிப்பு தானாக உள்ளே அடங்கிவிடும்.

முதலில் உள்ளூரில் விசாரித்தேன். ஒரு கடையில் கண்ணாடி வைத்த கேபினெட், உள்ளே நாலு ஃபேன், நாலும் கலர் கலராக மின்னுகிறது. "கேமிங் பிசி சார், ஐ5 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, பதினெட்டாயிரம்தான்" என்றார் கடைக்காரர். ஐ5 சரி, எந்தத் தலைமுறை என்று கேட்டேன். மூன்றாம் தலைமுறை. அது 2012இல் வந்த பிராசஸர். எங்கோ ஆபீஸில் ஓடி ஓய்ந்ததைக் கழற்றி, அதற்காகவே இப்போது புதிதாக வரும் எச்61 என்ற மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகமும் மாட்டும் போர்டில், உட்கார வைத்து, மேலே விளக்கு மாட்டியிருந்தார்கள். விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தப்போவதாக அப்போதே அறிவித்திருந்தது, சொன்னபடி நிறுத்தியும் விட்டது. அந்தக் கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் வரையும் பாகம், ஜிடி 730. 2014இல் வந்த கார்டு. 4 ஜிபி என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பிராசஸருக்குள்ளேயே வரும் இன்றைய கிராபிக்ஸ் அதைவிட வேகமானது.

அந்த வகைக் கம்ப்யூட்டரை வாங்கியவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான். பிள்ளைக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. இந்த இடுகையை ஒரு குடும்பம் படித்து அதைத் தவிர்த்தாலும் எனக்குப் போதும்.

பிராசஸருக்கு வருவோம். தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் வரம்பு தாண்டிவிடும். அதனால் கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் பிராசஸர் வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி அதற்குப் பொருத்தமாக இருந்தது. 6 கோர், 12 த்ரெட், உள்ளே வேகா 7 கிராபிக்ஸ், 65 வாட். 2021இல் கடைக்கு வந்தது, புதுசு இல்லை. ஆனால் விலை இறங்கி, இதில் வரும் சிக்கல் என்ன, தீர்வு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நேரம். டப்பாவுக்குள்ளேயே கூலரும் வந்துவிடும். இன்டெல் ஐ3-12100ஐயும் பார்த்தேன். வேகமான பிராசஸர், படிப்புக்கு அருமை. ஆனால் அதனுள் இருக்கும் கிராபிக்ஸ் கேமுக்குத் தாங்காது.

இங்கே ஓர் எழுத்து முக்கியம். 5600 வேறு, 5600ஜி வேறு. ஜி இல்லாததில் கிராபிக்ஸ் இல்லை. இன்டெலில் பெயர் முடிவில் எஃப் என்று இருந்தால் அதிலும் கிராபிக்ஸ் கிடையாது. இருநூறு முந்நூறு ரூபாய் குறைகிறதே என்று அதை வாங்கி வந்து, போர்டில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி, படம் வரவில்லை என்று என் கடைக்குத் தூக்கி வந்தவர் ஒருவர் உண்டு. பாகம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. படம் வருவதற்கு உள்ளே வழியே இல்லை.

அடுத்து ரேம். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, நாம் போடும் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரே பைப்பில் இரண்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி. பிராசஸரும் குடிக்கும், கிராபிக்ஸும் குடிக்கும். டிடிஆர்4 வகையில் 3200 வேக ரேம் ஒன்று மட்டும் போட்டால் வினாடிக்கு 25.6 ஜிபி போகும். அதே அளவை இரண்டாகப் பிரித்து இரண்டு ஸ்லாட்டிலும் போட்டால் இரண்டு பைப் ஆகி 51.2 ஜிபி. அதனால் 16 ஜிபி ஒன்று வாங்காமல் 8 ஜிபி இரண்டு வாங்க வேண்டும். "ஒண்ணா வாங்கிக்குங்க, அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்த யோசனை பரவாயில்லை. இதற்கு ஆகாது.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், தெரியாமல் போய்விடாதீர்கள். எழும்பூரில் இறங்கினால் ஆட்டோவில் பக்கம்தான். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்ததும் பைக், தள்ளுவண்டி, அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு ஓடும் பையன்கள் என்று நடக்கவே இடம் இருக்காது. நல்ல கடைகள் பாதிக்குமேல் மாடியில். குறுகலான படி. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளிலும் அதே வியாபாரம். பாப்பா கையில் நோட்டோடு ஏழு கடை ஏறி இறங்கினாள். ஒவ்வொரு கடையிலும் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்து, நாலாவது கேள்விக்குப் பிறகு அவளைப் பார்த்துப் பேசினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கே அந்த ரயில் செலவு தகும்.

ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி விஷயத்தில் ஒரு கடைக்காரர் ஜென்4 என்ற புதிய தலைமுறைதான் வேகம், எழுநூறு ரூபாய் கூடப் போடுங்கள் என்றார். 5600ஜி ஜென்3 வரைதான் பேசும். ஜென்4 வாங்கிப் போட்டாலும் ஜென்3 வேகத்தில்தான் ஓடும். பாப்பாவே இதைச் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டு ஜென்3 500 ஜிபியை எடுத்துக் கொடுத்தார்.

கரண்டை மாற்றி எல்லாப் பாகத்துக்கும் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நான் யாரிடமும் விடவில்லை. மின்சாரம் என் துறை. கேபினெட்டோடு சேர்த்து 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள் ஒன்றும் இல்லாத மாதிரி எடை. 80 பிளஸ் பிரான்ஸ் போட்ட இன்னொன்றை அடுத்த கையில் எடுத்தேன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். ஃபேன் வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் காரணம் தெரியும். மலிவானதில் காயில் சுண்டுவிரல் அளவு. மெயின் ஃபில்டர் வர வேண்டிய இடத்தில் பாகத்தை வைக்காமல் போர்டில் ஒயர் துண்டைப் பாலம் போட்டு விட்டிருந்தார்கள். அச்சடித்த ஓட்டை இருக்கிறது, பாகம் இல்லை. செம்பும் இரும்பும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் எடையில் காட்டிக்கொடுத்துவிடும். மோட்டாரிலும் அப்படித்தான். 80 பிளஸ் என்றால் உள்ளே வாங்கும் மின்சாரத்தில் 80 சதவீதமாவது உருப்படியாக வெளியே கொடுக்கும் என்று சோதித்துப் பார்த்தது. பிரான்ஸ் அதைவிடக் கொஞ்சம் மேல். எங்கள் பக்கம் கோடையில் வோல்டேஜ் இறங்கி ஏறும் கூத்தில், மலிவான எஸ்எம்பிஎஸ் தான் போகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கண்ணாடியிலும் விளக்கிலும் போடும் ஆயிரம் ரூபாயை இங்கே போடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஜிஎஸ்டி சேர்த்து, 2024 ஜூன் விலை. பிராசஸர் 11,800. ஏ520 போர்டு 5,200. ரேம் இரண்டும் சேர்த்து 3,500. எஸ்எஸ்டி 3,100. எஸ்எம்பிஎஸ் 3,000. கேபினெட் 2,300. 22 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் 6,700. கீபோர்டு, மவுஸ் 900. 600 விஏ யூபிஎஸ் 2,900. மொத்தம் 39,400. பில் வேண்டாம் என்றால் ஒரு கடையில் முந்நூறு குறைப்பதாகச் சொன்னார்கள். பிராசஸருக்கு மூன்று வருட வாரண்டி. அதை முந்நூறுக்கு விற்க முடியுமா? விண்டோஸ் உரிமம் இந்தக் கணக்கில் இல்லை. அக்கா வீட்டுக்காரர் அதைத் தன் பங்காக வாங்கிக் கொடுத்தார். பட்ஜெட் போடும்போது பெரும்பாலானவர்கள் மறந்துவிடும் செலவு இது. மைன்கிராஃப்ட் ஜாவா மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவசமான உபுண்டுவிலேயே ஓடும். வேலரண்டுக்கு விண்டோஸ்தான் வேண்டும், அதிலும் விண்டோஸ் 11இல் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் போர்டின் செட்டிங்) போய் டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் போட்டால்தான் திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தோம். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஏஎம்4 என்ற சாக்கெட்டில் உட்காரும் இந்தப் பிராசஸரின் அடியில் முடி மாதிரி 1331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் கஷ்டம். மூலையில் தங்க நிறத்தில் சின்ன முக்கோணம் இருக்கும், போர்டிலும் அதே முக்கோணம். லீவரைத் தூக்கி, இரண்டையும் நேராக வைத்து விரலை எடுத்தால் தன் எடையிலேயே உள்ளே இறங்கிவிடும். அழுத்தவே கூடாது. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். இறங்கியதும்தான் மூச்சு விட்டாள். கூலரை மாட்ட, போர்டில் இரண்டு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் தாங்கியை முதலில் கழற்ற வேண்டும். அது தெரியாமல் இருபது நிமிடம் போனது. நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கச் சொன்னேன், மோட்டார் மூடியை முடுக்குகிற மாதிரி.

எல்லாம் மாட்டி ஆன் செய்ததும் படம் வந்துவிட்டது. அக்கா ஓடிப்போய்ச் சர்க்கரை எடுத்து வந்து எங்கள் வாயில் போட்டாள். விண்டோஸ் ஏற்றி, மைன்கிராஃப்ட் போட்டு, எஃப்3 அழுத்திப் பார்த்தால் வினாடிக்கு 50 ஃபிரேம் (படம்) பக்கம். பாப்பா முகம் கொஞ்சம் சுருங்கியது. "மாமா, இன்னும் வரணுமே" என்றாள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். மெமரி 8 ஜிபி, இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் வேலை செய்கிறது என்று காட்டியது. அணைத்து, கரண்டை எடுத்துவிட்டுத் திறந்து பார்த்தால் இரண்டாவது ரேம் ஒரு முனையில் நகக்கண் அளவு மேலே நிற்கிறது. கட்டைவிரலால் அந்த முனையை அழுத்தினாள். "டக்." கிளிப் தானாக வந்து மூடிக்கொண்டது. அதோடு பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியைப் போட்டோம், அதுவரை 2400இல் ஓடிக்கொண்டிருந்த ரேம் 3200க்கு வந்தது. திரும்ப அதே உலகம், அதே இடம், அதே செட்டிங். 80க்கு மேல். இரண்டு பைப் கதையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அந்த எண்ணைப் பார்த்ததும்தான் அவளுக்கு அது உண்மையானது.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. "மாமா, கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இருக்கு." பலர் வீட்டில் இது இருக்கும், கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டு செருப்புப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். போய் டெஸ்டர் வைத்தேன், மங்கலாக எரிந்தது. மீட்டரில் கேபினெட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 110 வோல்ட் பக்கம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபில்டருக்காக லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அதன் வழியாக வரும் துளி மின்சாரம் எர்த் ஒயர் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நின்று, மெயின் வோல்டேஜில் பாதி காட்டும். ஸ்விட்ச் போர்டைக் கழற்றினேன். மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கிறது, மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பழைய வீடு, அந்தக் காலத்து ஒயரிங். மெயின் போர்டில் எர்த் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பச்சை ஒயர் இழுத்து இணைத்தேன். மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்தது. சுருக்கென்ற அந்த உணர்வை மட்டும் தீர்த்தோம் என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு உள்ளே ஏதாவது ஒயர் உரசினால் பிள்ளையைக் காப்பாற்றப்போவது அந்தப் பச்சை ஒயர்தான். கம்ப்யூட்டர் வாங்குகிற அன்றே ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்துவிடுங்கள். தெருமுனையில் இருநூறு ரூபாய்க்கு விற்கும் சில எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் எர்த் பின்னுக்கு உள்ளே இணைப்பே இருக்காது.

அக்காவின் கவலை வேறு. கரண்ட் பில் ஏறிவிடுமோ என்று. கிளாம்ப் மீட்டர் வைத்துக் காட்டினேன். மானிட்டரோடு சேர்த்து, டைப் அடிக்கும்போது கால் ஆம்பியர், கேம் ஓடும்போது 0.45 ஆம்பியர் பக்கம். அதாவது கேமிலும் சுமார் 100 வாட். தினமும் நாலு மணி நேரம் கேமே ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்தான். நூறு யூனிட் இலவசம் போகத்தான் பில் வருகிறது என்பதால் அக்கா நிம்மதியாகிவிட்டாள். நாலு மணி நேரம் என்ற கணக்கைப் பாப்பா காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் திட்டினாள்.

இப்போது கேட்டு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் எழுதிய ரேம் விலையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். 2025 கடைசியில் ரேம் விலை எகிறிவிட்டது. மெமரி செய்யும் கம்பெனிகள் ஏஐ சர்வர்களுக்கான சரக்கின் பக்கம் திரும்பியதில் வீட்டு உபயோக ரேமுக்குத் தட்டுப்பாடு. மைக்ரான் தன் குரூசியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இன்று இதே வேலைக்கு என்னைக் கேட்டால், புதிய டிடிஆர்5 வகை ரேம் பக்கம் போகாமல் ஏஎம்4 போர்டிலேயே இருங்கள், நன்றாகச் சோதித்த பழைய டிடிஆர்4 8 ஜிபி இரண்டு கிடைத்தால் தைரியமாக வாங்குங்கள் என்பேன். ரேமில் தேய்வதற்கு ஒன்றும் இல்லை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பாப்பா இப்போது பன்னிரண்டாவது. டேபிளில் பைத்தான் புத்தகம், கீபோர்டில் தமிழ்99 டைப்பிங் முறை பழகிய விரல்கள். தம்பியின் பள்ளிக்கு அவள்தான் கட்டுரை அடித்துக் கொடுக்கிறாள். தீபாவளிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு கேட்டாள். ஆர்எக்ஸ் 6600 என்று அவளே தேர்ந்தெடுத்து, 132 வாட்தான் இழுக்கும், நம் எஸ்எம்பிஎஸ் தாங்கும், அதற்கான 8 பின் ஒயரும் இருக்கிறது என்று கணக்கோடு வந்து நின்றாள். கணக்கு சரி. பொதுத்தேர்வு முடியட்டும், இரண்டு பேரும் மறுபடி ரயில் ஏறுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு என் கடை புளோயரை எடுத்துப்போய்க் கேபினெட்டைத் திறந்து தூசி ஊதினோம். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்று வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். நான் சொல்வதற்கு முன்பே பாப்பா விரலை வைத்திருந்தாள்.